டாக்டர் வரமாட்டார், நர்ஸ்தான் வருவார்: நெதர்லாந்து ஆம்புலன்ஸ் பற்றி ஒரு விமர்சனம்

நெதர்லாந்துக்குப் புதிதாக வரும் நம்மாட்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "112-க்கு அடிச்சா ஆம்புலன்ஸ்ல டாக்டர் வருவாரா?" வரமாட்டார். ஒரு நர்ஸ், ஒரு டிரைவர், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும், மீதிப் பேர் "இவ்வளவு வரி கட்டியும் நர்ஸ்தானா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்காகவும், அடுத்த கோடையில் பெற்றோரை அழைத்துவர டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் நான் பயன்படுத்திய சேவைகளில், ரயில், வங்கி, நகராட்சி, இணைய இணைப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலும், ஆம்புலன்ஸுக்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். வாசலுக்கு வருகிற ஆளுக்கே முடிவெடுக்கும் அதிகாரமும், அந்த அதிகாரத்துக்கு ஏற்ற படிப்பும் அனுபவமும் இருப்பதுதான் காரணம். குறைகளும் இருக்கின்றன, பில் உட்பட. அதற்கும் வருகிறேன்.

அப்பா அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்த சமயம். அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, சுகர் வந்து ரொம்ப காலம் ஆகிறது. ஏகாதசி என்றால் எந்த நாட்டில் இருந்தாலும் அவருக்குப் பட்டினிதான். ஆனால் சுகர் மாத்திரையை மட்டும் "அது மருந்துதானே, சாப்பாடு இல்லையே" என்று வழக்கம்போலப் போட்டுக்கொண்டிருக்கிறார், எங்கள் யாருக்கும் தெரியாது. மறுநாள் விடிகாலையில் அம்மா போட்ட கூச்சலில் மாடியிலிருந்து ஓடிவந்து பார்த்தால் பனியன் முழுக்க வியர்வை, கண் திறந்திருக்கிறது, ஆனால் பேச்சு குழறுகிறது, நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா ஒரு கை சர்க்கரையை அள்ளி அவர் வாயில் போடப் போய்க்கொண்டிருந்தார்.

112-ல் முதலில் எடுப்பவர் கேட்பது இரண்டே விஷயம்தான்: போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா, எந்த ஊர். உடனே அந்தப் பகுதிக்கான கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றிவிடுகிறார்கள். அங்கே ஆம்புலன்ஸ் அழைப்பை எடுப்பவர்களும் பெரும்பாலும் நர்ஸ்கள்தான், இது எனக்கு அப்புறம்தான் தெரியும். டச்சு தெரியாது என்றதும் அந்தப் பெண்மணி தயங்காமல் ஆங்கிலத்துக்கு மாறினார். மூச்சு எப்படி இருக்கிறது, கூப்பிட்டால் பார்க்கிறாரா, சுகர் உண்டா, இன்சுலினா மாத்திரையா என்று வரிசையாகக் கேட்டார். நான் பொறுமை இழந்து "முதலில் வண்டியை அனுப்புங்கள்" என்று கத்தினேன். "வண்டி ஏற்கெனவே கிளம்பிவிட்டது, நான் கேட்பதால் ஒரு நொடியும் தாமதமாகவில்லை" என்றார், குரல் கொஞ்சமும் உயரவில்லை. அப்புறம் முக்கியமான ஒன்று: ஒழுங்காக விழுங்க முடியாத ஆளுக்கு வாயில் எதையும் போடாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் சர்க்கரையையோ சர்க்கரைத் தண்ணீரையோ ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடலாம். நம் வீடுகளில் முதலில் செய்வதே அதைத்தான்.

வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆண் நர்ஸ். அம்மா "டாக்டர் வந்துட்டார்" என்று கும்பிட்டார். "நான் டாக்டர் இல்லை, ஆம்புலன்ஸ் நர்ஸ்" என்று சொல்லிக்கொண்டே அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட வந்த டிரைவரும் வெறுமனே நிற்கவில்லை. மானிட்டர் ஒயர்களை ஒட்டுவது, ட்ரிப்ஸ் பாட்டிலைத் தயார் செய்வது எல்லாம் அவர் வேலை, அதற்கான பயிற்சி இங்கே டிரைவர்களுக்கும் உண்டு. விரலில் குத்திப் பார்த்தபோது மீட்டரில் 2.1 என்று காட்டியது. அம்மா பதறிப்போனார், ஏனென்றால் ஊரில் மீட்டரில் நூறு, நூற்றைம்பது என்றுதானே பார்த்துப் பழக்கம். இங்கே அளவு வேறு, 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். அதாவது 38. பதறியதில் தப்பே இல்லை.

கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். யாருக்கும் போன் செய்து அனுமதி கேட்கவில்லை. சில நிமிடங்களில் அப்பா கண்ணை நன்றாகத் திறந்து சுற்றிலும் பார்த்துவிட்டு, "காபி இன்னும் போடலையா?" என்றார். அம்மா அழ ஆரம்பித்தார். நர்ஸுக்கு அந்த வாக்கியத்தை நான் மொழிபெயர்த்ததும் அவர் சிரித்துவிட்டு, சரி, மூளை வேலை செய்கிறது என்றார்.

எனக்கு அசத்தலாகப் பட்டது இதற்குப் பிறகு நடந்ததுதான். எங்களைப் பொறுத்தவரை வேலை முடிந்தது, நன்றி சொல்லி வழியனுப்பத் தயாராகிவிட்டோம். அவர் மாத்திரை அட்டையைக் கேட்டார். இந்தியக் கம்பெனிப் பெயர் அவருக்குப் புரியாது, ஆனால் அட்டைக்குப் பின்னால் பொடி எழுத்தில் மருந்தின் உண்மையான பெயர் இருக்குமே, கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின் என்று, அதைப் படித்ததும் தலையை ஆட்டினார். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் இவ்வளவு இறங்குவது அபூர்வம். கிளிமெபிரைடு அப்படி இல்லை, அது கணையத்தைக் கசக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கிற வகை, அதன் வேலை ஒரு நாள் முழுக்க நீடிக்கும், வயதானவருக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் இன்னும் நீளும். இப்போது ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் மத்தியானம் மறுபடி இதே கதை நடக்கலாம். "இதுவே இன்சுலின் ஊசி போட்டுச் சாப்பிட மறந்த ஆளாக இருந்தால் சாப்பிட வைத்து, ஒருமுறை கூட டெஸ்ட் செய்துவிட்டு வீட்டிலேயே விட்டிருப்பேன். இவரை விடமுடியாது" என்றார். அதோடு ஒரு இசிஜியும் எடுத்தார், சுகர்காரர்களுக்கு ஹார்ட் அட்டாக் வலியே இல்லாமல் வரலாம் என்பதால். அது சரியாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். சுகரை ஏற்றிவிடுவது ஒரு வேலை, அதைக் கற்றுக்கொடுத்தால் நிறையப் பேர் செய்துவிடலாம். எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிற ஆளைப் பார்த்து, இவர் இன்னும் ஆபத்தைத் தாண்டவில்லை என்று சொல்வதற்கு வார்டில் பல ராத்திரிகள் விழித்திருந்த அனுபவம் வேண்டும். அப்பாவுக்கு விரதம் முடிக்கும் பாரணை அந்த மஞ்சள் வண்டிக்குள் தயிர்சாதத்தோடு நடந்தது. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். சைரன் போடாமல் நிதானமாகத்தான் போனார்கள், நான் முன்சீட்டில். ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கும்போது வயது, என்ன நடந்தது, என்ன பார்த்தேன், என்ன கொடுத்தேன் என்று அவர் சொல்லி முடிக்கும்வரை அங்கிருந்தவர்கள் யாரும் குறுக்கே பேசவில்லை. ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் அனுப்பினார்கள்.

இவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று அப்புறம் தேடிப் படித்தேன். நர்சிங் முடித்த கையோடு ஆம்புலன்ஸில் ஏறிவிட முடியாது. முதலில் நர்ஸ், அதற்குமேல் ஐசியு, இதய வார்டு, அவசர சிகிச்சைப் பிரிவு, மயக்க மருந்துப் பிரிவு மாதிரி ஏதாவது ஒன்றில் தனிப் படிப்பும் அனுபவமும், அதற்கும்மேல் ஆம்புலன்ஸுக்கென்றே ஏழு மாதம் போல ஒரு பயிற்சி. சமீப காலத்தில் இதற்காகவே தனியாக வந்திருக்கும் ஒரு நான்கு வருடப் பட்டம் படித்தவர்களும் சேர்கிறார்கள், ஆனாலும் இந்தச் சேவையின் முதுகெலும்பு இன்னமும் நர்ஸ்கள்தான். பெயர்கள் அரசின் பதிவேட்டில் இருக்கும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நாடு முழுக்க 25 பகுதிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவர் மேற்பொறுப்பில் இருக்கிறார், எல்லோரும் பின்பற்றுவது ஒரே தேசிய நெறிமுறை. அதற்குள் நின்று நர்ஸ் தானே முடிவெடுக்கலாம். துடிப்பு தாறுமாறாகிச் செயலிழந்த இதயத்துக்கு ஷாக் கொடுப்பது, பலமான வலிமருந்து போடுவது எதற்கும் டாக்டர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மாரடைப்பு என்று இசிஜியில் தெரிந்தால் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி நேராக ஆஞ்சியோ வசதி உள்ள இடத்துக்கே கொண்டுபோவார்கள்.

டாக்டரே வேண்டும் என்கிற அளவுக்கு மோசமான கேஸ்களுக்கு ஹெலிகாப்டர் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், நைமெகன், குரோனிங்கன் என்று நான்கு குழுக்கள், மயக்க மருந்து நிபுணரோ விபத்து அறுவை மருத்துவரோ அதில் வருவார், கூடவே ஒரு நர்ஸும். பிரான்சிலும் ஜெர்மனியிலும் டாக்டரை ரோட்டுக்கே அனுப்பும் பழக்கம் அதிகம், அமெரிக்காவில் பாராமெடிக் என்று தனி ஜாதி, சுவீடன் ஏறக்குறைய இந்த ஊர் மாதிரி நர்ஸ் பக்கம் சாய்ந்தது. எது உசத்தி என்று பெரிய ஆட்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

என் சித்தப்பா மகள் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) முடித்துவிட்டு ஊரில் கொஞ்ச காலம் 108-ல் மருத்துவ உதவியாளராக இருந்தாள். வீடியோ காலில் இந்தக் கதையைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "யார்கிட்டயும் கேட்காம அவரே முடிவு பண்ணாராண்ணா?" 108-ல் வண்டியில் இருப்பவர் போனில் கட்டுப்பாட்டு அறை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்வதுதான் முறை. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ஆரம்பித்த சேவை அது, வண்டியில் ஒரு டிரைவர், ஒரு மருத்துவ உதவியாளர். அந்த வேலைக்கு நர்சிங் முடித்தவர்களும் வரலாம், விலங்கியல், தாவரவியல், பயோகெமிஸ்ட்ரி படித்தவர்களும் வரலாம், ஏறக்குறைய ஐம்பது நாள் பயிற்சி, அப்புறம் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அந்த ஐம்பது நாளை வைத்துக்கொண்டு ஓடும் வண்டியில் பிரசவம் பார்த்த கதைகள் அவளிடம் இருக்கின்றன. சம்பளமும் அதிகாரமும் குறைவு, பொறுப்பு மட்டும் குறைவில்லை. அதுவும் ஒரு பைசா வாங்காமல் நடக்கிற சேவை. இங்கே எனக்கு வந்த பில்லைப் பார்த்தபோது அதை நினைத்துக்கொண்டேன். தனியார் கதை வேறு. ஊரில் மாமாவை ஒருமுறை ஒரு தனியார் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம், சைரனும் சுழல்விளக்கும் பிரமாதம், உள்ளே டிரைவரைத் தவிர ஒரு ஆள் இல்லை, ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு போனது நான்தான். நான் சாப்ட்வேர் ஆள்.

அப்பா கேஸில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் ஆபீஸ் நண்பர் கேஸில் போகவில்லை, அவருடைய கோபமே அதுதான். நள்ளிரவில் நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டுகிற மாதிரி. ஆம்புலன்ஸ் வந்தது, இசிஜி, பிரஷர், ஆக்சிஜன் எல்லாம் பார்த்தார்கள், நர்ஸ் ரொம்ப நேரம் உட்கார்ந்து பேசினாராம், தூக்கம் எப்படி, வேலை எப்படி, எத்தனை காபி என்று. பிறகு மருத்துவருடன் போனில் பேசிவிட்டு, இன்று காலையில் உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள், இன்னின்ன மாதிரி ஆனால் உடனே மறுபடி 112-க்கு அடியுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். "பார்த்துட்டு அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அவர் சொல்வது புரிகிறது, நமக்கு ஆம்புலன்ஸ் வந்தால் ஏற்றிக்கொண்டு போகவேண்டும், போனால்தான் மனசு ஆறும். ஆனால் அவசரப் பிரிவின் பெஞ்சில் விடியவிடிய உட்கார்ந்து அதே பதிலைக் கேட்பதைவிட, சொந்தச் சோபாவில் உட்கார்ந்து கேட்பது எனக்கு மேலாகத்தான் படுகிறது. வீட்டில் விட்டுவிட்டுப் போவது சோம்பேறித்தனம் இல்லை. ஏற்றிக்கொண்டு போனால் பொறுப்பு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும், விட்டுவிட்டுப் போனால் அது அந்த நர்ஸின் தலையில்தான் இருக்கும்.

மேல்வீட்டு டச்சுப் பாட்டி குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோது வந்த நர்ஸையும் பார்த்திருக்கிறேன். அவரை அசைக்கவே இல்லை, முதலில் வலிக்கு ஊசி, அது வேலை செய்யும்வரை காத்திருந்து, பாட்டி பேரன் கதை சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தூக்கினார்கள்.

சரி, குறைகள்.

அந்தப் பாட்டிக்கு வண்டி வரக் கிட்டத்தட்ட அரை மணி நேரம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் அழைப்பு ஏ1, 15 நிமிடத்துக்குள் வரவேண்டும். ஆபத்தில்லை ஆனால் போகவேண்டும் என்பது ஏ2, அதற்கு 30 நிமிடம். குளிர்ந்த டைல்ஸ் தரையில் கிடக்கும் எண்பது வயதுக்காரருக்கு ஏ2 என்பது ரொம்ப நீளம். ஏ1-லும் 95 சதவீத அழைப்புகளுக்கு 15 நிமிடம் என்று வைத்திருந்த இலக்கை நாடு தழுவிய கணக்கில் பல வருடமாகத் தொடவே இல்லை. ஆள் பற்றாக்குறை. இவ்வளவு அனுபவம் கேட்டால் ஆள் எங்கிருந்து வரும், ஐசியுவிலிருந்துதான் வரவேண்டும், அங்கேயும் ஆள் இல்லை. உடனடி மரண ஆபத்துக்கு இப்போது ஏ0 என்று ஒரு வகை சேர்த்திருக்கிறார்கள். இதயம் நின்றுபோன அழைப்பு என்றால் பக்கத்தில் இருக்கும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களின் போனுக்கு ஹார்ட்ஸ்லாக்நூ என்கிற அமைப்பு மூலம் தகவல் போகிறது, வண்டி வருவதற்குள் அவர்கள் ஓடிவந்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிடுவார்கள். நம்மாட்கள் நிறையப் பேர் இதில் சேரலாம், ஒரு சின்னப் பயிற்சிதான்.

பணம். இங்கே காப்பீடு உள்ளவர்களுக்கு ஆம்புலன்ஸ் செலவு முதலில் 'சொந்தப் பொறுப்பில்' சேரும், அதாவது வருடத்துக்கு முதல் 385 யூரோ நம் கையிலிருந்து, அதற்குமேல்தான் காப்பீடு கொடுக்கும், பதினெட்டு வயதுக்குக் கீழ் இந்தச் சொந்தப் பொறுப்பு கிடையாது. வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போனாலும் பில் உண்டு, ஆபீஸ் நண்பரின் இரண்டாவது கோபம் அது, அதில் நான் அவர் கட்சி. குடும்ப மருத்துவரைப் பார்ப்பதற்கு இந்தச் சொந்தப் பொறுப்பு கிடையாது, 112-க்கு உண்டு என்றால், காசுக்குப் பயந்து விடியட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடுகிற ஆட்கள் இருக்கத்தான் செய்வார்கள். விசிட்டராக வந்த பெற்றோருக்கு முழுத் தொகையும் பயணக் காப்பீட்டின் தலையில், அதனால் பாலிசி வாங்கும்போது ஏற்கெனவே இருக்கும் நோயால் வரும் அவசரச் சிகிச்சைக்குக் கொடுப்பார்களா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். சுகர், பிரஷர் இரண்டையும் மறைத்து மலிவு பாலிசி வாங்குவது எந்த விதத்திலும் மிச்சமில்லை.

இன்னொன்று, ஆம்புலன்ஸ் என்று வருகிற எல்லா வண்டியிலும் இந்த அளவு தேர்ந்த நர்ஸ் இருக்கமாட்டார். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாற்றுகிற, முன்கூட்டியே திட்டமிட்ட பயணங்கள் பலவற்றுக்கு வேறு வண்டி, அதில் வருபவர்களின் பயிற்சி குறைவு. அது தப்பில்லை, தெரிந்துகொண்டால் போதும்.

மொழியைப் பொறுத்தவரை ஆங்கிலம் தாராளம், தமிழ் கிடையாது. அப்பாவிடம் நேராகப் பேசமுடியாமல் அந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்து ஒன்று, அப்பா முகத்தைப் பார்த்து ஒன்று என்று மாறி மாறிக் கேட்டார். நான் ஆபீஸில் இருந்து அம்மா மட்டும் வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: வீட்டு முகவரியும் பின்கோடும் அம்மா வாசிக்கும்படி தமிழிலேயே, அப்பாவின் நோய்கள், மருந்துகளின் கம்பெனிப் பெயர் இல்லாமல் உண்மையான பெயர், என்ன அளவு, எந்த நேரம், சிறுநீரக டெஸ்ட் முடிவு, என் போன் நம்பர். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுவைக்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன், அட்டை இல்லாமல் வெறும் வெள்ளை மாத்திரையாக இருந்திருந்தால் அந்த நர்ஸால் அந்த முடிவை அவ்வளவு சீக்கிரம் எடுத்திருக்க முடியாது. விரதம் இருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே ஊரில் தங்கள் டாக்டரிடம் விரத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது என்று கேட்டு எழுதி வாங்கிவருவதும் நல்லது.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் குறைத்தது பாட்டி தரையில் கிடந்த அந்த அரை மணிக்கும், வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாலும் வருகிற பில்லுக்கும் சேர்த்து. வந்த நர்ஸுக்கு மட்டும் தனியாகப் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து.